முழங்கால் முறிச்சான்: நெடுந்தூர உடலின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் படிவழியில் நண்பர் ஒருவருடன் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் சித்தூரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். திருப்பதியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஒரே நாளில் முடிக்க வேண்டிய டிரையத்லான் என்னும் போட்டிக்காக ஈராண்டுகளாகப் பயிற்சி செய்துவருகிறார். ஏறத்தாழ 3,550 படிகள் கொண்ட, 9 கி.மீ. அளவிலான அந்த வழி அவருக்கு வாரம் ஒரு முறை செய்யும் கால்பயிற்சி. கையில் கடிகாரம், அதில் நொடிக்கு நொடி மாறும் நாடித்துடிப்பு.

காலி கோபுரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மூதாட்டி ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, நிமிர்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்துகொண்டிருந்தார். படிபூசை நேர்ந்துகொண்டவர்கள் இப்படித்தான் ஏறுவார்கள். அதாவது, 3,550 முறை குனிந்து நிமிர்வது. நண்பர் மூச்சு வாங்க நின்றபோது அந்த அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்து, "ஏம் மொக்கு நாயனா?" என்று கேட்டார். என்ன நேர்த்திக்கடன் அப்பா என்பது பொருள். நண்பரால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த அம்மாவும் விடைக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த படிக்குக் குனிந்துவிட்டார்.

இந்தக் கேள்வி பல வாரங்களாக என்னைவிட்டு அகலவில்லை. உடலை அதன் எல்லைவரை கொண்டுசெல்லும் இருவர் ஒரே படியில் நிற்கிறார்கள். ஒருவருடைய உழைப்பு விநாடிக் கணக்கில் பதிவாகிறது. அதற்குப் பெயர் விளையாட்டு. மற்றவருடையது எங்கும் பதிவாவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? விளையாட்டின் வரலாற்றையும் உழைப்பின் வரலாற்றையும் தனித்தனி அலமாரிகளில் அடுக்கிப் படித்துவந்த நமக்கு இது கேட்கத்தக்க கேள்வி என்றே கருதுகிறேன். என் துறை மொழியியல். ஆகவே சில இடங்களில் சொற்களின் வழியாகவே செல்வேன்.

1. ஒரு போட்டியின் பிறப்பு

நீந்தி, மிதித்து, ஓடும் போட்டி பழமையானதன்று. இன்றைய பொருளில் முதல் டிரையத்லான் 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடைபெற்றது. அதன் நெடுந்தூர வடிவம் 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாய்த் தீவுகளின் ஓவாஹுவில் தோன்றியது. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் அத்தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்தார்கள்: 3.8 கி.மீ. கடல்நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. மாரத்தான். புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆயிற்று. இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்த நண்பர்கள் பீர் கொடுத்தார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. அயர்ன்மேன் என்ற பெயர் இவ்வளவு எளிய சூழலில்தான் பிறந்தது.

உலகம் அதைக் கவனித்தது 1982இல்தான். ஜூலி மாஸ் என்ற 23 வயது மாணவி, உடலியங்கியல் ஆய்வேட்டுக்குத் தம் உடலையே சான்றாக்கிக்கொள்ளும் எண்ணத்துடன் போட்டியில் இறங்கினார். பெண்களில் முதலிடத்தில் இருந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சில அடிகள் முன்பு நிற்கவும் இயலாமல் விழுந்தார். வேறொருவர் அவரைக் கடந்து வெற்றி பெற்றார். மாஸ் முழங்காலாலும் கைகளாலும் ஊர்ந்து கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைக் கண்ட பலர் மறு ஆண்டே பயிற்சியைத் தொடங்கினார்கள். வென்றவரைவிட ஊர்ந்தவரே இவ்விளையாட்டின் உருவமாக நிலைத்துவிட்டார். ஆய்வு மாணவர்களாகிய நாம் இதில் ஒரு சிறு ஆறுதலையும் கண்டுகொள்ளலாம்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்க்கப்பட்டது. ஆனால் அங்கு தூரம் குறைவு. நெடுந்தூர வடிவத்தின் பாதியளவு, அதாவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம், 2019 அக்டோபரில் கோவாவில் இந்தியாவில் முதன்முறையாக அயர்ன்மேன் பெயரில் நடைபெற்றது. என் நண்பர் குறிவைத்திருப்பது இந்தத் தூரத்தைத்தான்.

2. அமெச்சூர் என்ற சொல்

இவ்வகைப் போட்டிகளில் கலந்துகொள்வோரில் மிகப் பெரும்பாலோர் அமெச்சூர்கள்: மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், வங்கி ஊழியர். இலத்தீனில் 'அன்பு செய்பவர்' என்ற பொருளுடைய சொல் பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காசுக்காக அன்றி விருப்பத்துக்காகச் செய்பவர் என்பது அதன் வெளிப்பொருள். உட்பொருள் அவ்வளவு இனிமையானதன்று.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இச்சொல்லுக்கு விளையாட்டு மன்றங்கள் வரையறை எழுதின. 1879இல் ஹென்லி படகுப்போட்டியின் விதி, பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டவர்களை மட்டும் விலக்கவில்லை. கைத்தொழிலாளி, கைவினைஞர், கூலியாள் எவரும் அமெச்சூர் ஆகமாட்டார் என்றது. உடலால் பிழைப்பவனுடைய உடல் ஏற்கெனவே பயிற்சி பெற்றது; அவனோடு கனவான்கள் போட்டியிடுவது முறையன்று என்பது அதன் தருக்கம். 1920இல் அமெரிக்கப் படகோட்டி ஜான் கெல்லி ஹென்லியில் மறுக்கப்பட்டார். அவர் செங்கல் கட்டுவேலை செய்தவர். அதே ஆண்டில் ஒலிம்பிக் தங்கம் வென்றார் என்பது வேறு கதை. அந்த விதி நீங்க 1937 ஆயிற்று.

தமிழில் இச்சொல் நாடக உலகில்தான் பரவலாக வழங்கியது. 1891இல் பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச விநோதினி சபையாரின் தெலுங்கு நாடகங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் நடித்த அச்சபை, கூத்தாடிகள் என்று இழிவாக நோக்கப்பட்ட தொழில்முறை நடிகர்களிலிருந்து தன்னை வேறுபடுத்திக்கொள்ள உதவியவற்றுள் அமெச்சூர் என்ற அடையும் ஒன்று. அவர்கள் கலைக்குச் செய்த தொண்டு பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரே செயலை ஒருவர் செய்தால் கலைப்பற்று, மற்றொருவர் செய்தால் பிழைப்பு என்னும் பாகுபாடு இச்சொல்லோடு சேர்ந்தே நம்மிடம் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சித்தூர்ப் பகுதிக்கு வருவோம். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இம்மாவட்டம் அமைக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, சென்னையையும் பம்பாயையும் இணைத்த இருப்புப்பாதை 1871இல் முழுமையடையும்வரை, இந்நிலத்தின் கடிதங்கள் மனிதக் கால்களால்தான் சென்றன. தோளில் தபால் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி, இரவில் தீவட்டி. ஒரு குறிப்பிட்ட தூரம் ஓடி அடுத்த ஓட்டக்காரனிடம் பையை ஒப்படைக்க வேண்டும். இருப்புப்பாதை வந்த பிறகும் உட்பகுதிக் கிராமங்களுக்கு அவர்கள் நெடுங்காலம் ஓடினார்கள். அதுபோலவே, திருமலைக்கு ஏற இயலாத முதியோரையும் செல்வரையும் டோலியில் சுமந்து ஏறியவர்கள் இருந்தார்கள். நாள்தோறும் மலையேறிய அவர்களுடைய நுரையீரலையும் தொடைகளையும் இன்றைய பயிற்றுநர் எவரேனும் அளந்திருந்தால் வியந்திருப்பார். ஆனால் ஹென்லி விதிப்படி அவர்கள் விளையாட்டு வீரர்கள் ஆகமுடியாது. காரணம், அவர்கள் மிகையாகப் பயிற்சி பெற்றவர்கள்!

3. நீர்

நண்பர் கோவாவில் ஒரு முறை ஏற்கெனவே முயன்றிருக்கிறார். நீச்சலுக்கான 70 நிமிட வரம்பை மூன்று நிமிடம் கடந்துவிட்டதால் கரையிலேயே நின்றுவிட வேண்டியதாயிற்று. மிதிவண்டியைத் தொடவும் வாய்க்கவில்லை. திரும்பி வந்தவர் சொன்ன ஒரு வாக்கியம் என் நினைவில் பதிந்துவிட்டது: "எங்கள் தாத்தா கிணற்றில் தலைகீழாகப் பாய்வார், எனக்கு இருபத்தாறு வயதுவரை நீந்தத் தெரியாது."

இது ஒரு தனிமனிதனின் குறையன்று. ஒரு மாவட்டத்தின் நீர்வரலாறு. சித்தூர், வட ஆற்காடு நிலப்பகுதியில் பேராறுகள் இல்லை. ஏரிகளும் அகன்ற பாசனக் கிணறுகளுமே வேளாண்மையைத் தாங்கின. படிக்கட்டு வைத்த அந்தக் கிணறுகள்தாம் சிறுவர்களின் நீச்சல் பள்ளி. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, மேலிருந்து தள்ளிவிட்டு, தத்தளிப்பவனைத் தாய்மாமன் பிடித்துக்கொள்வார். கோடை விடுமுறை முடிவதற்குள் குடுக்கை அவிழ்ந்துவிடும். இதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் திறந்ததாகவும் அது இருக்கவில்லை. கிணறு நிலத்தோடு சேர்ந்தது, நிலம் சாதியோடு சேர்ந்தது. கிணற்றில் இறங்கியதற்காகத் தலித் சிறுவர்கள் அடிபட்ட செய்திகள் இன்றும் நின்றபாடில்லை. 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் அள்ளிய நீர் குடிப்பதற்கு மட்டும் உரிய நீரன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நீரில் இறங்கும் உரிமையும் அதில் அடங்கும்.

பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. நிலத்தடி நீர் கீழிறங்க இறங்கத் துளையும் ஆழ்ந்தது. இம்மாவட்டத்தில் ஆயிரம் அடியைத் தாண்டிய துளைகள் இன்று வியப்புக்குரியவை அல்ல. பழைய கிணறுகள் வறண்டு, முள் மண்டி, குப்பைக்குழிகள் ஆயின. ஆறரை அங்குலக் குழாய்க்குள் எவரும் நீந்த முடியாது. ஒரு தலைமுறைக்குள் நீச்சல் ஊர்ப்புறத்துச் சிறுவனின் இயல்பான திறமையாக இருந்த நிலை மாறி, நகரத்துக் குளத்தில் மாதக் கட்டணம் செலுத்திக் கற்கும் ஒன்றாகிவிட்டது. நண்பரின் மூன்று நிமிடத் தாமதத்தில் இந்த ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

தமிழரின் நெடுந்தூர நீச்சல் வரலாற்றை எடுத்துக்கொண்டால், அது கடற்கரையைச் சேர்ந்தவர்களிடம் தொடங்குவது தற்செயலன்று. 1954இல் யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து நீந்தி நவரத்தினசாமி கோடியக்கரையை அடைந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வழக்கறிஞர் குமார் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை ஒரே மூச்சில் இருவழியும் கடந்தார். 51 மணி நேரம். இடையில் 1966இல் வங்காளத்து வழக்கறிஞர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை நீந்தினார். ஆனந்தனுடைய முடிவு நாம் மறக்கக் கூடாதது. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். வெதுவெதுப்பான பாக் நீரிணையில் பழகிய உடலுக்கு அந்தக் குளிர்நீர் முற்றிலும் வேறொரு பகைவன். நெடுந்தூர உடலைப் போற்றி எழுதும்போது, அதற்கு எல்லை உண்டு என்பதையும் அருகிலேயே எழுதிவைக்க வேண்டும்.

அதற்குப் பத்தாண்டு கழித்து, 1994இல், 12 வயதுச் சிறுவன் குற்றாலீசுவரன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் ஒரே ஆண்டில் நீந்திக் கடந்தான். அருச்சுனா விருதும் கிடைத்தது. ஆனால் அவர் பின்னர் நீச்சலை விட்டுப் பொறியியல் படிப்புக்குச் சென்றார். நம் நடுத்தரக் குடும்பங்களில் உடலின் திறமை ஒரு பருவத்துக்கு மட்டுமே இசைவு பெறுகிறது. தேர்வு வந்ததும் அது கரையேறிவிட வேண்டும். இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள் அமெச்சூர்களாக நீச்சல்குளத்துக்குத் திரும்புவதை, பள்ளிப்பருவத்தில் பாதியில் விட்டதைத் தேடிச் செல்வதாகவும் பார்க்கலாம்.

4. சக்கரம்

ஞாயிறுதோறும் நண்பர் திருப்பதியிலிருந்து சந்திரகிரி, பூதலப்பட்டு வழியாகச் சித்தூர் சென்று திரும்புகிறார். ஒருவழித் தூரம் ஏறத்தாழ 70 கி.மீ. வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும் என்பதால் நான்கு மணிக்கே கிளம்புகிறார். இங்கே கோடையில் 40 பாகைக்கு மேல் வெப்பம் செல்வது வழக்கம். வண்டியை நிறுத்தியவுடன் ஓய்வின்றி அரைமணி ஓடுவது பயிற்சியின் ஒரு பகுதி. முதல் பத்து நிமிடம் கால்கள் தம்முடையவை போலவே இராது என்பார். மிதிக்கும் ஒழுங்குக்குப் பழகிய தசைகளை ஓடும் ஒழுங்குக்கு மாற்றுவதே அந்தப் பயிற்சியின் நோக்கம். உண்ணக் கற்பதும் பயிற்சிதான். தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள மாச்சத்து இரண்டு மணி நேர அளவிலான கடும் உழைப்புக்கே போதுமானது. அதன்பின் உடல் கொழுப்பை எரிக்கப் பழகியிருக்க வேண்டும், வழியில் உண்ணவும் வேண்டும். அவர் பையில் இருப்பது வேர்க்கடலை உருண்டையும் வாழைப்பழமும்.

ஒரு ஞாயிறு, சித்தூர் அருகே தேநீர்க்கடையில் இருந்த பெரியவர் அவருடைய வண்டியின் விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "எங்கள் காலத்தில் ஏழு நாள் இறங்காமல் ஓட்டுவான், வண்டி வாடகை வண்டி" என்றாராம்.

1970, 80களில் தமிழ், தெலுங்குச் சிற்றூர்களில் வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கும். பள்ளித் திடலில் வட்டமாகக் கயிறு கட்டி, குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்து, ஒருவர் மூன்று நாளோ ஏழு நாளோ மிதிவண்டியிலிருந்து இறங்காமல் சுற்றுவார். குளிப்பது, உண்பது, முகம் மழிப்பது எல்லாம் வண்டிமேலேயே. இரவில் பாட்டும் ஆட்டமும். கடைசி நாளில் ஊர்ப்பெரியவர்கள் அவர் சட்டையில் ரூபாய்த் தாள்களைக் குத்துவார்கள். அடுத்த வாரம் அடுத்த ஊர். உறக்கமின்மையைத் தாங்கும் அத்தகைய ஆற்றலை இன்று மேற்குலகில் மிகைநெடுந்தூர மிதிவண்டி வீரர்களிடம் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். நம் ஊர்ச் சுற்றாட்டக்காரர்களின் பெயர்கள்கூட எந்த ஆவணத்திலும் இல்லை. அவர்களை நாம் வித்தைக்காரர் வரிசையில் வைத்தோம். வீரர் வரிசையில் வைக்கவில்லை. கூத்தாடிக்கும் சபா நடிகருக்கும் இடையில் வரைந்த அதே கோடுதான் இங்கும் வரையப்பட்டது.

பெண்களுக்கு அந்தக் கோடு இன்னும் முன்பாகவே வரையப்பட்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அவர்கள் பெற்றது நேரம்: தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட ஆகும் நேரத்தில் மிச்சம். அந்த மிச்சத்தை விளையாட்டுக்குச் செலவிடும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியது. அனு வைத்தியநாதன் அவர்களில் ஒருவர். பொறியியலில் நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 2009இல் கனடாவில் நடந்த அல்ட்ராமேன் போட்டியை முடித்தார். மூன்று நாளில் 10 கி.மீ. நீச்சல், ஏறத்தாழ 420 கி.மீ. மிதிவண்டி, 84 கி.மீ. ஓட்டம். பின்னர் தம் பயிற்சிக் காலத்தை ஒரு நூலாகவும் எழுதினார். ஆய்வையும் உடற்பயிற்சியையும் ஒருசேரச் சுமந்த ஒருவர் நம்மிடையே இருந்திருக்கிறார் என்பதை நம் ஆய்வு மாணவியர் அறிந்திருத்தல் நலம். விடியலுக்கு முன் நான்கு மணிக்குச் சித்தூர்ச் சாலையில் தனியே மிதிவண்டி ஓட்டும் பெண்ணை நான் இதுவரை கண்டதில்லை. அதற்கான காரணங்களை நாம் அனைவரும் அறிவோம்.

5. கால்

படிவழியின் மேற்பகுதியில் செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. தெலுங்கில் மோகாள்ள மெட்டு. வைணவத் தமிழில் முழங்கால் முறிச்சான். இரண்டும் ஒரே பொருளை இரண்டு வகையாகச் சொல்கின்றன. தெலுங்குப் பெயர் முழங்காலைச் சுட்டி நிற்கிறது. தமிழ்ப் பெயர் மலையையே வினைசெய்பவனாக்கி, 'முறித்தவன்' என்கிறது. மலைமீது கால் வைக்க அஞ்சிய இராமானுசர் இந்த ஏற்றத்தை முழங்காலால் கடந்தார் என்பது மரபு. அவருக்கு அங்கே ஒரு சன்னதியும் உள்ளது. அலிபிரி என்ற பெயரையே அடிப்புளி, அதாவது மலையடிவாரத்துப் புளியமரம், என்பதன் திரிபாகக் கொள்ளும் விளக்கம் உண்டு. அந்த இடத்தில் இராமானுசர் ஓராண்டு இராமாயணம் பயின்றார் என்றும், பாடம் சொல்லத் திருமலை நம்பி மலையிலிருந்து இறங்கி வந்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அதே நம்பி பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் குடத்தில் நீர் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவந்தவர். வரலாற்றுச் சான்று என்ற அளவில் இக்கதைகளை எடைபோடுவது வேறு வேலை. நான் கவனிப்பது, அவை எதைப் போற்றத்தக்கது எனக் கருதின என்பதை: நாள்தோறும், தவறாமல், உடலால் செய்யும் ஒன்று.

1944 ஏப்ரலில் திருமலைக்கு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது, 1974இல் இரண்டாவது. இந்த இரண்டு ஆண்டுகளும் என் வாதத்துக்கு மையமானவை. 1944க்கு முன்பு படியேறுவது தேவை. கடவுளைக் காண வேறு வழியில்லை, டோலி தவிர. அதன்பின் படியேறுவது தேர்வு. பேருந்து இருக்கும்போது நடப்பவர் நேர்த்திக்காக நடக்கிறார். தேவை விலகிய இடத்தில்தான் விரதமும் விளையாட்டும் பிறக்கின்றன. கடிதத்தை இருப்புப்பாதை எடுத்துச் சென்ற பிறகே ஓட்டம் பொழுதுபோக்காகிறது. மோட்டார் வண்டி வந்த பிறகே மிதிவண்டிப் பயணம் சாதனையாகிறது. ஹவாயில் 1978இல் நடந்ததும் இதுதான். மூதாட்டி நண்பரிடம் நேர்த்திக்கடன் என்ன என்று கேட்டது அறியாமையால் அன்று. வேண்டியதில்லாதபோது உடலை வருத்துகிற எவருக்கும் ஒரு மொக்கு இருந்தே தீரும் என்பது அவருடைய அறிவு.

ஆனால் தேவை எல்லோரையும் விட்டு ஒரே நாளில் விலகுவதில்லை. என் நண்பருக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சிக்குக் கிடைக்கிறது. அவர் கல்லூரி வளாகத்தில் இரவுக் காவல் செய்பவருக்கு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் உறங்கக் கிடைத்தால் பெரிது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றியபோது முன்னின்ற கோரிக்கைகளுள் எட்டு மணி நேர வேலைநாளும் ஒன்று. ஓய்வு நேரத்துக்கான போராட்டத்தை நாம் தொழிற்சங்க வரலாறாக மட்டும் படிக்கிறோம். அதை விளையாட்டு வரலாற்றின் முதல் அத்தியாயமாகவும் படிக்கலாம். அமெச்சூர் என்பவர் முதலில் நேரம் உடையவர். அன்பு உடையவர் என்பது அதன் பிறகுதான்.

6. சாதனையும் சாதனயும்

இறுதியாக ஒரு சொல். தமிழில் 'சாதனை' என்றால் முடித்த செயல், எட்டிய உச்சம். நாளிதழின் தலைப்புகளில் வருவது அது. அதே வடமொழி வேரிலிருந்து வந்த 'சாதன' தெலுங்கில் பெரும்பாலும் பயிற்சியைக் குறிக்கிறது. ஒன்றை அடைவதற்காக விடாது செய்யும் முயற்சி. பாடகரும் சாதன செய்வார், மல்லரும் சாதன செய்வார். தமிழில் அந்தப் பொருள் இசைக்கலைஞரின் 'சாதகம்' என்னும் சொல்லில் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. வீட்டுப் பேச்சில் 'சாதனை பண்ணுகிறான்' என்றால் பிடிவாதம் பிடிக்கிறான் என்பது பொருள். பழைய பொருளின் எச்சம் அங்கும் சற்று ஒட்டியிருக்கிறது.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடும் திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தோடும் என எல்லைக்கோடு உறுதியாயிற்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டிய வேங்கடத்தின் அடிவாரத்தில், அந்தக் கோட்டுக்கு இப்பால் ஒரு சொல் வழியைக் குறிக்கிறது. அப்பால் அதே சொல் முடிவைக் குறிக்கிறது. இருமொழியிலும் வாழும் சித்தூர்த் தமிழர்களின் நாவில் இரண்டும் கலந்து வருகின்றன. நண்பர் தம் தாயிடம் தெலுங்குக் கலப்போடு "சாதன பண்ணிட்டு வரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு தொடரில் இலக்கணப் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. தமிழின் 'பயில்' என்ற வினைக்கும் பழைய பொருள்களுள் ஒன்று செறிதல், அடிக்கடி நிகழ்தல். பயிற்சி என்பதும் அதுதான்: ஒரு செயல் ஒருவருடைய நாள்களில் அடர்ந்து பரவுவது. இந்தப் பொருளில் படிபூசை செய்யும் அம்மாவும், தபால் ஓட்டக்காரனும், டோலி சுமந்தவனும், சுற்றாட்டக்காரனும், என் நண்பரும் ஒரே சொல்லின் கீழ் வந்துவிடுகிறார்கள். சாதனை என்ற சொல்லின் கீழ் வருபவர்களோ மிகச் சிலர்.

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கிணற்றில் நீச்சல் கற்ற கடைசித் தலைமுறை இன்று எழுபதைக் கடந்துகொண்டிருக்கிறது. ஏழு நாள் மிதிவண்டி ஓட்டியவர்கள் எங்கேனும் தேநீர்க்கடை வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். டோலி சுமந்தவர்களின் பிள்ளைகள் திருப்பதியின் பேட்டைகளில் இருக்கக்கூடும். ஒலிப்பதிவுக் கருவியாக ஒரு கைப்பேசி போதும். ஊர்க்கிணறு எது, அதில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது, யார் கற்றுக்கொடுத்தார், எந்த ஆண்டு வறண்டது என்ற ஐந்து கேள்விகளோடு தொடங்குங்கள். சித்தூர் மாவட்டத்தில் இப்பணியை நான் இந்தக் கோடையில் தொடங்குகிறேன்; வேலூர், திருவள்ளூர்ப் பகுதிகளில் எவரேனும் செய்ய முன்வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நண்பர் மீண்டும் கோவாவுக்குப் பதிவு செய்துவிட்டார். இப்போது குளத்தில் 1.9 கி.மீ. தூரத்தை 61 நிமிடத்தில் நீந்துகிறார்; கடலில் என்ன ஆகும் என்பது அன்றைய அலையைப் பொறுத்தது. சென்ற வாரம் படியேறும்போது, அந்த அம்மாவை மறுபடி பார்த்தால் என்ன விடை சொல்வீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் ஏறிய பிறகு, "தாத்தாவின் கிணறு என்று சொல்வேன்" என்றார்.